அகராதியில் ஓர் உலா

அகராதி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகம் சுளிக்காத மாணவர் நம்மிடையே மிகச் சிலர். ஆங்கில அகராதியாயின் அச் சிலரும் குறைந்துவிடுவர். பொருள் தெரியாத சொல் ஒன்று பாடப்புத்தகத்தில் வழிமறித்து நின்றாலன்றி அதனைத் திறப்பார் இல்லை. திறந்தாலும், தேடிய சொல்லின் பொருளைப் பென்சிலால் ஓரத்திற் குறித்துக்கொண்டு உடனே மூடிவிடுவர். நோயாளி மருந்துப் போத்தலைத் திறந்து மூடுவதும் இவ்வாறே. விருந்துக்குச் செல்பவர் போல அகராதிக்குட் புகுவோரும் உலகில் உளர் என்றால் நம் பிள்ளைகள் நம்ப மறுப்பர். அத்தகையோர் காணும் இன்பம் யாது, அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

இந்நாட்டில் ஆங்கிலம் நம்மவர்க்குப் பெரும்பாலும் இரண்டு கோலங்களிலேயே அறிமுகமாகின்றது. ஒன்று பரீட்சை, மற்றையது அந்தஸ்து. சிங்களச் சகோதரர் தம் பேச்சு வழக்கில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது அதன் பொருள். ஏந்தத் தெரிந்தவன் கையில் அது மற்றவனை எட்ட நிறுத்தும் கருவி என்னும் கசப்பே அப்பெயரில் உறைந்துள்ளது. நம் பிள்ளைகளும் அவ்வாளைக் கண்டு அஞ்சுகிறார்கள். கிராமத்துப் பாடசாலையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் முதல்வனாக நிற்கும் பையன், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசு என்றதும் தலை குனிகிறான். அவ்வச்சத்தைப் போக்குதற்கு இலக்கணப் பயிற்சி மாத்திரம் போதாது. பரீட்சைக்கும் வராத, அந்தஸ்தையும் தராத ஓர் ஆங்கிலத்தை அவனுக்குக் காட்டல் வேண்டும். அருஞ்சொற்களின் உலகம் அத்தகையது.

பெயரில்லாதவற்றின் பெயர்கள்

உங்கள் சப்பாத்து நாடாவைச் சற்று உற்று நோக்குங்கள். அதன் நுனி பிரியாவண்ணம் ஒரு சிறு தகடோ பிளாஸ்திக் உறையோ இறுக்கப்பட்டிருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'அக்லெற்' என்று பெயர். ஊசியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழி வந்தது. 'சிற்றூசி' என்பது முதற்பொருள். நாள்தோறும் காலையில் விரலாற் பற்றித் துளையிற் செலுத்துகின்றோம். எனினும் அதற்கொரு பெயர் உண்டென்று அறிந்த அன்றுதான் அப்பொருளையே கண் திறந்து பார்க்கிறோம்.

இரு புருவங்களுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு ஆங்கில மருத்துவ நூலார் இட்ட பெயர் 'கிளபெல்லா'. உரோமம் இல்லாத வழுவழுப்பான இடம் என்பது அதன் மூலமான இலத்தீன் சொல்லின் கருத்து. ஆங்கிலேயருள் பெரும்பாலார் இப்பெயரைக் கேட்டும் இரார். நமக்கோ அவ்விடம் பொட்டிடும் இடம். யோக நூல்கள் புருவமத்தி என்று போற்றும் இடம். அவர்க்கு அருஞ்சொல், நமக்கு அன்றாடச் சொல்.

கைகளை உயர்த்தி உடலை நெளித்துக் கொட்டாவியும் விடுதலைக் குறிக்க 'பண்டிக்கியுலேஷன்' என ஒரு சொல் உண்டு. கடைசிப் பாடவேளையில் மாணவன் ஒருவன் அவ்வாறு நெளியக் கண்டால், "தம்பி, இப்பொழுது நீ செய்தது பண்டிக்கியுலேஷன்" என்று சொல்வது என் வழக்கம். வகுப்பு முழுவதும் சிரிக்கும். மனனஞ் செய்யுமாறு எவரும் பணிக்காமலே மறுநாள் அச்சொல் எல்லார் நாவிலும் நிற்கும். அதன் பின், "இதற்குத் தமிழில் என்ன?" என்று வினவுவேன். "சோம்பல் முறித்தல்" என்பர். "அதனினும் கம்பீரமான சொல் ஒன்று உண்டு, சிங்கம் துயிலெழுவதற்குப் பொருந்துவது" என்றால் விழிப்பர். 'மூரி நிமிர்தல்' என்னும் பழந்தமிழ் வழக்கை அவர்கள் அறிந்துகொள்வது அவ்வேளையிலேதான். ஆங்கிலச் சொல்லொன்று தமிழ்ச் சொல்லொன்றைக் கையிற் பிடித்து அழைத்து வருகின்றது.

'ஹொரிப்பிலேஷன்' என்னும் சொல்லும் அவ்வாறே. சிலிர்த்தல் என்றும் மயிர் என்றும் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை அது. ஆங்கிலத்தில் அகராதியின் மூலையிற் கிடக்கும் சொல். தமிழிலோ மயிர்க்கூச்செறிதல், மெய்சிலிர்த்தல், புளகம், உரோமாஞ்சனம் என எத்தனை பெயர்கள்! குளிராலும் அச்சத்தாலும் மாத்திரமன்றி இறையன்பினாலும் மெய்சிலிர்க்கும் என்று கண்ட ஓரினத்துக்கு அவ்வனுபவம் மூலைப்பொருளாக இருத்தல் இயலாது. ஒரு மொழியில் எச்சொல் அரிது, எச்சொல் எளிது என்று நோக்கினால் அம்மொழி பேசுவோர் எதை ஊன்றிக் கவனித்தார்கள் என்பது புலப்படும்.

அருஞ்சொல்லின் முன் அனைவரும் சமம்

இவ்வுலாவிலே பெறப்படும் முதற்பயன் யாது? அச்சம் அகலுதல். 'அக்லெற்' என்பதை அறியாத யாழ்ப்பாணத்து மாணவனுக்கும் அதனை அறியாத இலண்டன் மாணவனுக்கும் வேறுபாடு இல்லை. இருவரும் அகராதியின் வாயிலில் ஒரே வரிசையில் நிற்பவரே. உச்சரிப்பில் ஒருவன் முந்தலாம். விரைந்து பேசுவதிலும் முந்தலாம். அருஞ்சொல்லின் முன்னே முந்துபவன் தேடுபவன்தான்.

ஆங்கிலம் முழுவதையும் அறிந்த ஆங்கிலேயர் எக்காலத்தும் இருந்ததில்லை. ஒக்ஸ்போர்ட் பேரகராதி 1928ஆம் ஆண்டிற் பத்துப் பெருந்தொகுதிகளாக நிறைவெய்தியபொழுது அதில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் விளக்கப்பட்டிருந்தன. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்போ இருபது தொகுதிகளைக் கொண்டது. அப்பேரகராதியின் புகழ்பெற்ற பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஸ்கொத்லாந்தில் தையற்காரர் ஒருவரின் மகனாக 1837இற் பிறந்தவர்; பதினான்கு வயதிற் பள்ளிப்படிப்பை விட்டுப் பின்னர் தம் முயற்சியாற் பன்மொழி கற்றவர். 1879இல் இப்பணியை ஏற்றுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டில் ஒன்று அமைத்து அதனுள்ளே உழைத்தார். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலிருந்தெல்லாம் தொண்டர்கள் தாம் படித்த நூல்களில் ஒவ்வொரு சொல்லும் எவ்வாறு ஆளப்பட்டுள்ளது என்பதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அவருக்கு அனுப்பினர். கடிதப் போக்குவரத்தின் மிகுதியால் ஒக்ஸ்போர்ட்டில் அவர் வீட்டு வாயிலிலேயே தபாற்பெட்டி ஒன்று நாட்டப்பட்டது. 'ற்றி' என்னும் எழுத்துக்குரிய சொற்களில் ஈடுபட்டிருந்தபோது 1915இல் அவர் மறைந்தார். முடிவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அத்தகைய பெருமுயற்சியிலும் ஒரு சொல் தொலைந்து போயிற்று. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பொண்ட்மெயிட்' என்னும் சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிவிடவே அது முதற்றொகுதியில் இடம்பெறவில்லை. 1933இல் வெளிவந்த இணைப்பிலேதான் அதற்கு இடங் கிடைத்தது. வாழ்விலும் கணக்கில் வராதவளின் பெயர் அகராதியிலும் கணக்கில் வராமற் போனது, தற்செயலேயாயினும், சிந்திக்கத் தக்கது.

இதற்கு மாறாக, இல்லாத சொல் ஒன்று அகராதியிற் புகுந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் 1934இல் வெளிவந்த வெப்ஸ்ரர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்றொரு சொல் அடர்த்தி என்னும் பொருளுடன் அச்சேறியிருந்தது. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி' எழுத்தையோ சிறிய 'டி' எழுத்தையோ சுருக்கக் குறியாக இடலாம் என்று இரசாயனத்துறையினர் ஒரு சீட்டில் எழுதியிருந்தனர். 'அல்லது' என்பதைக் குறிக்கும் 'ஓர்' என்ற சொல் இரு டிகளுக்கும் நடுவில் நின்றது. மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார் வேறொருவர். ஐந்தாண்டுகள் கழித்தே, 1939இல், அப்பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அறிஞர் பலர் கூடிச் செய்த நூலுக்கே இது நேருமாயின், நம் பையன் ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதற்காகக் கூனிக் குறுக வேண்டிய அவசியம் யாது?

நம் தீவின் பெயரிற் பிறந்த சொல்

ஒன்றைத் தேடப் போய், தேடாத பிறிதொன்றை நற்பேறாகக் கண்டெடுத்தலுக்கு ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிற்றி' என்று பெயர். இச்சொல்லின் பிறந்த நாள்கூடத் தெரியும். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி தம் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் இதனைப் புதிதாகப் படைத்தார். செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையொன்றைப் படித்த நினைவே அவருக்கு அச்சொல்லைத் தந்தது. செரண்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் நம் இலங்கைக்கு வழங்கிய பழைய பெயர்.

அக்கதை 1557இல் இத்தாலிய மொழியில் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. இளவரசர் மூவரும் நெடும்பயணம் போகையில், ஒட்டகத்தைப் பறிகொடுத்த ஒருவனைச் சந்திக்கின்றனர். "உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடோ? ஒரு பல் இல்லையோ? ஒரு கால் முடமோ?" என்று வினவுகின்றனர். கண்ணாற் காணாத ஒட்டகத்தை எவ்வாறு அறிந்தனர்? வழியின் ஒரு பக்கத்துப் புல் மாத்திரமே மேயப்பட்டிருந்தது. மென்ற புல் பல்லின் அளவாகத் துண்டுதுண்டாய்ச் சிந்திக் கிடந்தது. ஓர் அடிச்சுவடு இழுபட்டுச் சென்றிருந்தது. இக்கதையைப் படிக்கும் தமிழர்க்கு, நம் அலகேச கதையில் வரும் காணாமற்போன ஒட்டகம் நினைவுக்கு வரும். கிழக்கு நாடுகள் பலவற்றில் உலவிய கதை அது. வால்போல் பிரபுவோ தம் கடிதத்தில் ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக்கிவிட்டார்!

அவர் அச்சொல்லுக்குக் கூறிய விளக்கத்தில் இரண்டு அமிசங்கள் உள்ளன. ஒன்று தற்செயல், மற்றொன்று நுண்ணறிவு. முதலாவதை மாத்திரம் நினைவில் வைத்து, இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்துப் புல் மேயப்பட்டிருந்ததை அவ்வழியே சென்ற யாவரும் கண்டிருக்கலாம். கருதிப் பார்த்தவர் மூவரே. அகராதியிலும் அவ்வண்ணமே. தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் நிற்கும் சொற்கள் எல்லார் கண்ணிலும் படுகின்றன. நின்று நோக்குகின்றவனுக்கே அவை வாய் திறக்கின்றன. கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் அதன் பொருள் நொடியில் வந்து நிற்கிறது, நன்மையே. எனினும் அயல்வீட்டாரைக் காட்டாத அவ்விரைவில் இவ்வின்பம் கிடைப்பது அருமை. ஆதலால் வீட்டில் தடித்த அகராதி ஒன்று இருக்குமாயின் அதைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள்.

அயல்வீட்டாராக வந்து பழகத்தக்க வேறு இரு சொற்களையும் இங்கே சொல்லலாம். எந்நேரமும் ஊர்ச்செய்தி கேட்டுத் திரிபவரை ஆங்கிலத்தில் 'குவிட்நங்க்' என்பர். "இப்பொழுது என்ன?" என்னும் இலத்தீன் வினாவே ஆளுக்குப் பெயராயிற்று. படலையடியில் நின்று "என்ன புதினம்?" என்று வினவும் நம்மூர்ப் பெரியவர்களை நினையுங்கள், பொருள் கூற வேண்டியதில்லை.

மற்றையது 'பெற்றிக்கோர்'. வறண்ட நிலத்தில் மழை விழுந்ததும் எழும் நறுமணத்தின் பெயர். 1964இல் இசபெல் ஜோய் பெயர், தோமஸ் என்னும் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இதனைப் படைத்தனர். கிரேக்க மொழியிற் கல்லைக் குறிக்கும் சொல்லையும், தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகக் கருதப்பட்ட திரவத்தின் பெயரையும் இணைத்தனர். கோடையிலே தாவரங்களிலிருந்து வெளிப்படும் எண்ணெய்களைக் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்திருந்து, ஈரம் பட்டதும் வெளியிடுகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. வட இந்தியாவின் கன்னோஜ் நகரத்தார் அம்மணத்தை முன்னரே அத்தராக வடித்துப் போத்தலில் அடைத்து விற்றுவந்தனர். ஆங்கிலம் 1964 வரை காத்திருந்து பெற்ற சொல்லைத் தமிழ் மூதாட்டி எவரும் காத்திராமலே வைத்திருந்தாள்: மண்வாசனை.

நீளமும் பகட்டும்

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. அருஞ்சொல் வேட்டையில் இறங்கும் இளைஞர் சிலர் விரைவில் ஒரு நோய்க்கு ஆளாகின்றனர். கண்டெடுத்த சொற்களையெல்லாம் கட்டுரையில் அடுக்கிவிடுவர். மழை பெய்தது என்று எழுத வேண்டிய இடத்தில், வாசிப்பவர் மூன்று முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். இதனை உரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எள்ளி நகையாடினார். ஒன்றரை அடி நீளச் சொற்கள் என்று அவர் இட்ட பெயரிலிருந்தே, நெடுஞ்சொல் விரும்பிகளைக் குறிக்கும் 'செஸ்குவிப்பிடேலியன்' என்னும் ஆங்கிலச் சொல் தோன்றியது. அச்சொல்லே ஒன்றரை அடி நீளமாக அமைந்தது பொருத்தமானதே.

இருபத்தொன்பது எழுத்துகளையுடைய 'புளொக்சிநோசிநிஹிலிபிலிபிக்கேஷன்' என்னும் சொல்லையும் பலர் ஆவலோடு மனனஞ் செய்வர். அற்பம் என்று பொருள்படும் நான்கு இலத்தீன் சொற்களை ஒன்றாகக் கட்டி, 'ஒன்றைப் பயனற்றதென மதித்தல்' என்னும் கருத்தில் விளையாட்டாகச் செய்யப்பட்டது. 1741ஆம் ஆண்டுக் கடிதமொன்றிலேயே இது காணப்படுகின்றது. வீட்டில் தம்பி தங்கையரோடு சொல்லிச் சிரிப்பதற்கு இதனினும் நல்ல சொல் இல்லை. கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை விடைத்தாளில் எழுதுவதற்கு இதனினும் தீய சொல்லும் இல்லை. வாளைக் கண்டு அஞ்சியவன், அஞ்சாமை வந்ததும் அதே வாளைப் பிறர் முன் சுழற்றத் தொடங்குவானாயின் நாம் கற்பித்ததன் பயன் யாது? அருஞ்சொல் நாம் பார்க்க உதவுவது. நம்மைப் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்கு அன்று.

வீடு திரும்பும் வழி

ஆங்கில அகராதியில் நெடுந்தூரம் உலவுகின்ற தமிழர் சில திருப்பங்களில் தம்மவரையே எதிர்கொள்வர். கட்டுமரம் அங்கே 'கற்றமரான்' ஆகியுள்ளது. இரத்தினபுரியில் அகழப்படும் நீலக்கல் எவ்வினத்தைச் சேர்ந்ததோ அதற்குக் கனிப்பொருள் நூலார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர் நம் குருந்தமே. 'ரூர்மலின்' என்னும் மணியின் பெயரோ சிங்களத்துத் தோரமல்லியிலிருந்து போயது.

இத்தகைய சொற்களைத் தேடுவோர்க்கு யூல், பேர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி ஒரு பொற்சுரங்கம். முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் "யா ஹசன், யா ஹுசைன்" என்னும் குரலை ஆங்கிலப் படைவீரர் தம் காதுக்கு எட்டியவாறு திரித்த வடிவமே அதன் பெயர். அதில் நம் தோப்பு உண்டு, தயிர் உண்டு, பந்தல் உண்டு. 'கஞ்சி வீடு' என்று ஒரு சொல்லும் உண்டு. அன்னசத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைகளின் சிறைக்கொட்டடிக்கு அப்பெயர். அடைபட்டவனுக்கு அங்கே கிடைத்த உணவு கஞ்சி.

நம் ஊர்களும் அகராதிக் கலைக்குப் புதியன அல்ல. சூடாமணி நிகண்டை மனனஞ் செய்து கல்வியைத் தொடங்கிய மரபு நம்முடையது. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. உடுவிலிற் பணிபுரிந்த மிரன் வின்சிலோ பாதிரியார் 1862இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலப் பேரகராதி 67,000இற்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கியது.

ஆயினும் அச்சிலேறிய சொல் எல்லாம் வாழும் சொல் ஆகிவிடாது. சப்பாத்து நாடாவின் நுனிக்கு ஆங்கிலேயன் பெயர் வைத்திருப்பதை வியந்தோம். ஒற்றைப் பனைமரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். வடலி, குருத்தோலை, சார்வோலை, காவோலை, கருக்கு, கங்குமட்டை, பன்னாடை, பாளை, நுங்கு, பூரான், ஊமல், ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. இன்று நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்பதினான்கிற் பாதிக்கேனும் பொருள் கூறுவர்? போர்க்காலத்திற் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. எஞ்சிய பனைகளிலும் ஏறுவார் குறைந்தனர். பன்னாடையைக் கையால் தொடாத தலைமுறைக்கு அச்சொல் ஏச்சுச் சொல்லாக மாத்திரமே தெரியும். மறேயின் சீட்டுகளுள் ஒன்று தொலைந்தபோது பின்னர் ஓர் இணைப்பில் அதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பாட்டியோடு போய்விடும் சொல்லை எந்த இணைப்பிற் சேர்ப்பது?

எனவே மாணவ நேயர்களுக்கு ஒரு சிறு வேலை. ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் வாரத்துக்கு ஓர் ஆங்கில அருஞ்சொல்லை எழுதுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரியிற் குறியுங்கள். வலப்பக்கத்தில், அதே வாரத்தில் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ, தோட்டக்காரரிடமோ கடற்றொழிலாளரிடமோ கேட்டறிந்த தமிழ்ச் சொல் ஒன்றை எழுதுங்கள். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஐம்பத்திரண்டு சொற்கள் சேரும். ஆங்கிலத்தின்மீதிருந்த அச்சம் எங்கே போயிற்று என்று அப்பொழுது தேடிப் பாருங்கள். பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றே: பிள்ளை அகராதியைப் புரட்டிக்கொண்டு தனியே சிரிக்கக் கண்டால், "படிக்கிற நேரத்தில் என்ன சிரிப்பு?" என்று அதட்டாதிருத்தல்.